ஜப்பானில் புது மருந்து: அனுமதி வந்த பிறகும் ஏன் காத்திருக்க வேண்டும்?

கேள்வி இது: "டோக்கியோவில் இருக்கிறேன், கம்பெனி வழி ஹெல்த் இன்ஷூரன்ஸ். எனக்குத் தேவையான ஒரு புது மருந்துக்கு அரசு அனுமதி கொடுத்துவிட்டதாகச் செய்தியில் பார்த்தேன். டாக்டரோ இன்னும் எழுத முடியாது என்கிறார். இன்ஷூரன்ஸில் எப்போது வரும்? வந்தாலும் முதல் வருஷம் இரண்டு வாரத்துக்கு மேல் தரமாட்டார்கள் என்கிறார்களே, நிஜமா? மாதம் கையிலிருந்து எவ்வளவு போகும்?"

டாக்டர் உங்களை அலைக்கழிக்கவில்லை. ஜப்பானில் ஒரு மருந்துக்கு நான்கு தேதிகள் உண்டு. செய்திகளில் நான்கையும் போட்டுக் குழப்புகிறார்கள். முதலாவது, சுகாதார அமைச்சகத்தின் நிபுணர் குழு "சரி" என்று தலையாட்டும் நாள். பெரும்பாலும் பத்திரிகைகள் அன்றே தலைப்புப் போட்டுவிடும். இரண்டாவது, அமைச்சர் பெயரில் முறையான அனுமதி கிடைக்கும் நாள். இதை ஷோனின் என்பார்கள். மூன்றாவது, மருந்து அரசின் விலைப்பட்டியலில் ஏறும் நாள், யாக்கா ஷூசாய். நான்காவது, கம்பெனி மருந்தை நிஜமாகவே கடைக்கு அனுப்பும் நாள். இன்ஷூரன்ஸ் பணம் கொடுப்பது மூன்றாவது தேதியிலிருந்துதான். ஆகவே செய்தியைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, இது எந்தத் தேதி என்பதை.

ஷோனினுக்கும் ஷூசாய்க்கும் இடையில் வழக்கமாக 60 நாள், இழுத்தால் 90 நாள். அல்சைமர் மருந்தான லெக்கெம்பிக்கு 2023 செப்டம்பர் 25 அன்று அனுமதி. டிசம்பர் 20 அன்று பட்டியலில் ஏறியது. எண்ணிப் பார்த்தால் 86 நாள். உலகில் பல நாடுகளில் இதே இடைவெளி வருடக்கணக்கில் நீளும் என்பதால், இந்த விஷயத்தில் ஜப்பானைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் இந்த 90 நாள் கணக்கு, கம்பெனி உடனே விலை கேட்டு விண்ணப்பித்தால்தான். உடல் பருமனுக்கான வெகோவியை எடுத்துக்கொள்ளுங்கள்: அனுமதி 2023 மார்ச் 27, பட்டியலில் ஏறியது நவம்பர் 22, விற்பனைக்கு வந்தது 2024 பிப்ரவரி 22. பட்டியலில் ஏறிய மூன்று மாதத்துக்குள் சப்ளையைத் தொடங்க வேண்டும் என்பது விதி. அந்த மூன்று மாதத்தையும் கடைசி நாள் வரை எடுத்துக்கொண்டார்கள். மார்ச்சில் செய்தி பார்த்தவர் பதினோரு மாதம் காத்திருந்திருப்பார்.

அந்த இடைவெளியில் நடப்பது விலைப் பேரம் அல்ல, விலைக் கணக்கு. ஜப்பானில் "இந்த இன்ஷூரன்ஸில் இந்த மருந்து உண்டு, அதில் இல்லை" என்ற பேச்சுக்கே இடமில்லை. கம்பெனியின் இன்ஷூரன்ஸ் சங்கமோ, வார்டு அலுவலகம் நடத்தும் கோகுமின் கென்கோ ஹோகெனோ, எல்லோருக்கும் ஒரே பட்டியல், ஹொக்கைடோ முதல் ஒக்கினாவா வரை ஒரே விலை. அதனால் பட்டியலில் ஏற்றுவதும் விலை வைப்பதும் ஒரே செயல். அதே வகை மருந்து ஏற்கெனவே இருந்தால் அதன் ஒரு நாள் செலவுக்குச் சமமாக விலை வைத்து, புதுமைக்கும் பயனுக்கும் தக்கபடி கூட்டுவார்கள். அபாரமான கண்டுபிடிப்பு என்றால் 70 முதல் 120 சதவீதம் வரை கூட்டலாம். ஒப்பிட எதுவும் இல்லையென்றால் தயாரிப்புச் செலவு, நிர்வாகச் செலவு, லாபம், விநியோகச் செலவு என்று அடுக்கிக் கணக்கிடுவார்கள். பிறகு அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ் விலைகளோடு ஒட்டிப் பார்ப்பார்கள். கம்பெனிக்கு ஒருமுறை ஆட்சேபம் சொல்ல வாய்ப்பு உண்டு. கடைசியில் சூய்க்யோ என்ற குழு ஒப்புக்கொள்ள வேண்டும்: பணம் கட்டும் தரப்பில் 7 பேர், மருத்துவத் தரப்பில் 7 பேர், பொதுநலன் சார்பில் 6 பேர். சூய்க்யோ கூட்டம் முடிந்த ஒரு வாரத்தில் மருந்து பட்டியலில் ஏறுவது சாதாரணம். லெக்கெம்பிக்கு டிசம்பர் 13 கூட்டம், 20 பட்டியல். அதனால் காத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய கூட்டம் இதுதான்.

இதில் ஒரு பெரிய விதிவிலக்கு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. உங்கள் மருந்து வேறொரு நோய்க்கு ஏற்கெனவே பட்டியலில் இருந்து, இப்போது உங்கள் நோய்க்கும் அனுமதி கிடைத்திருந்தால், காத்திருக்கவே வேண்டாம். அனுமதி நாளிலிருந்தே இன்ஷூரன்ஸ் உண்டு. விலை ஏற்கெனவே இருக்கிறதல்லவா. வெளிநாட்டில் நீண்ட காலம் பயன்பட்டு, ஆதாரம் ஊரறிந்ததாக இருக்கும் பயன்பாடு என்றால், நிபுணர் குழு முன்மதிப்பீட்டை முடித்த நாளிலிருந்தே, முறையான அனுமதிக்கு முன்பாகவே பணம் கிடைப்பதும் உண்டு. ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது புது மருந்தா, பழைய மருந்தின் புதுப் பயன்பாடா?

இந்த விதிவிலக்கு அரசுக்கே ஒருமுறை சூடு போட்டது. ஒப்டிவோ என்ற புற்றுநோய் மருந்து 2014 செப்டம்பரில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்காகப் பட்டியலில் ஏறியபோது எதிர்பார்த்த நோயாளிகள் 470 பேர். ஆள் குறைவு, அதனால் விலை அதிகம்: 100 மில்லிகிராமுக்கு 7,29,849 யென். 2015 டிசம்பரில் நுரையீரல் புற்றுநோயும் சேர்ந்தது. அதே விலையில், பல்லாயிரம் பேர் தகுதி பெறும் நோய். ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 3.5 கோடி யென். அடுத்த விலைத் திருத்தத்துக்குக் காத்திராமல் 2017 பிப்ரவரியில் ஒரே வெட்டாகப் பாதியாக்கினார்கள்: 3,64,925 யென். இன்று விற்பனை எதிர்பார்ப்பைத் தாண்டினால் இடையிலேயே விலை குறைக்கும் விதிகள் இவ்வளவு இறுக்கமாக இருப்பதற்கு அதுவே தொடக்கம். லெக்கெம்பியின் விலையும் செலவு-பயன் மதிப்பீட்டுக்குப் பிறகு 2025 நவம்பர் 1 முதல் 15 சதவீதம் குறைந்தது: 500 மில்லிகிராம் குப்பி 1,14,443 யெனிலிருந்து 97,277 யென்.

அனுமதிக்கும் பட்டியலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்யலாம்? "நான் மருந்துக்கு மட்டும் கைக்காசு கொடுக்கிறேன், மற்றதை இன்ஷூரன்ஸில் போடுங்கள்" என்று கேட்கத் தோன்றும். அது முடியாது. கொங்கோ ஷின்ரியோ என்ற கலப்புச் சிகிச்சைக்குத் தடை இருக்கிறது. பட்டியலில் இல்லாத ஒரு மருந்தைச் சேர்த்தால் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, படுக்கை எல்லாமே இன்ஷூரன்ஸுக்கு வெளியே போய்விடும். அனுமதி கிடைத்த மருந்துக்கு மட்டும் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது: அனுமதி நாளிலிருந்து 90 நாள் வரை, தகுதியுள்ள ஆஸ்பத்திரிகளில் மருந்தின் விலையை மட்டும் முழுதாகக் கட்டி மற்றதை இன்ஷூரன்ஸில் போடலாம். கம்பெனிகள் சில மருந்துகளை இந்த இடைவெளியில் இலவசமாகக் கொடுப்பதும் உண்டு. இதை நோயாளி நேரில் கேட்டு வாங்க முடியாது, ஆஸ்பத்திரி வழியாகத்தான் நடக்கும். ஆனால் "அப்படி ஏற்பாடு இருக்கிறதா" என்று டாக்டரைக் கேட்பதில் தவறில்லை.

நம்மவர்களுக்கு அடுத்துத் தோன்றுவது, "சென்னையில் இதன் ஜெனரிக் கிடைக்குமே, ஊரிலிருந்து வரவழைத்தால் என்ன?" என்பது. சொந்த உபயோகத்துக்கு என்றால் டாக்டர் சீட்டு தேவைப்படும் மருந்தை ஒரு மாத அளவு கொண்டுவரலாம். அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே யுன்யூ காகுனின்ஷோ என்ற இறக்குமதிச் சான்று வாங்க வேண்டும். மயக்க மருந்து வகைகளுக்கும் ஊக்க மருந்து வகைகளுக்கும் விதிகள் முற்றிலும் வேறு. அவற்றில் விளையாடாதீர்கள், கைதாகும் விஷயம். இன்னொன்றும் உண்டு: ஜப்பானில் முறையாக வாங்கிய மருந்தால் கடும் பக்கவிளைவு வந்தால் நஷ்டஈடு தரும் அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. தானாக இறக்குமதி செய்த மருந்துக்கு அது கிடையாது.

இனி அந்த இரண்டு வார விஷயம். நிஜம்தான். பட்டியலில் ஏறிய மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் தேதியில் தொடங்கி ஓராண்டு முடியும் வரை, ஒரு தடவைக்கு 14 நாள் மருந்துக்கு மேல் எழுதக்கூடாது. பரிசோதனைக் காலத்தில் சில நூறு பேர் சாப்பிட்ட மருந்தைப் பல்லாயிரம் பேர் சாப்பிடத் தொடங்கும்போது, டாக்டர் அடிக்கடி முகம் பார்க்கட்டும் என்பது காரணம். கடிகாரம் ஓடத் தொடங்குவது பட்டியல் தேதியிலிருந்து, விற்பனைத் தேதியிலிருந்து அல்ல. வெகோவிக்கு 2023 நவம்பரில் பட்டியல், எனவே 2024 நவம்பர் 30 வரை கட்டுப்பாடு. ஆனால் மருந்து கைக்கு வந்ததே பிப்ரவரி 22. நோயாளிகள் அனுபவித்த கட்டுப்பாடு ஒன்பது மாதமும் சில நாளும்தான். உங்கள் மருந்துக்கும் இப்படிக் கணக்குப் போட்டு, விடுபடும் மாதத்தைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு ஊசி என்றால் ஒரு தடவைக்கு இரண்டு பேனா, அவ்வளவுதான். பழைய மூலப்பொருள்கள் இரண்டைச் சேர்த்துச் செய்த கூட்டு மாத்திரை போன்ற சிலவற்றுக்கு இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு தருவார்கள்.

இதனால் வரும் தொல்லை பணத்தைவிட நேரத்தில்தான் அதிகம். மாதம் இரண்டு முறை அரை நாள் லீவு, ஒவ்வொரு முறையும் டாக்டர் கட்டணம், மருந்தகக் கட்டணம். பல ஆஸ்பத்திரிகள் இந்த ஓராண்டு முடியும் வரை புது மருந்தைத் தங்கள் இருப்பிலேயே சேர்ப்பதில்லை. டாக்டர் "கொஞ்சம் பொறுங்கள்" என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஊருக்குப் போவோர் கவனிக்க வேண்டியது: மாத்திரை அல்லது மேலுக்குப் பூசும் மருந்து என்றால், வெளிநாட்டுப் பயணம், புத்தாண்டு விடுமுறை, தொடர் விடுமுறை போன்ற காரணங்களுக்காக 30 நாள் வரை எழுத விதி இடம் தருகிறது. டாக்டர் அந்தக் காரணத்தை பில்லில் பதிய வேண்டும். விமான டிக்கெட்டைக் காட்டி, கிளம்புவதற்கு முந்தைய அப்பாயின்ட்மென்டிலேயே கேளுங்கள். ஊசிக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

பட்டியலில் ஏறிவிட்டதால் யார் கேட்டாலும் கிடைத்துவிடும் என்றும் இல்லை. என் பார்வையில் ஜப்பானில் பெரிய தடை பட்டியல் அல்ல, பட்டியலோடு ஒட்டிவரும் நிபந்தனைகள்தான். விலை அதிகமான, அல்லது தவறாகப் பயன்படக்கூடிய மருந்துகளுக்கு அமைச்சகம் தனி வழிகாட்டி வெளியிடும். எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தகுதியுள்ள டாக்டர், எந்த நோயாளி என்று எல்லாம் அதில் இருக்கும். வெகோவிக்கு வெறும் எடை போதாது. ரத்த அழுத்தம், கொழுப்பு, இரண்டாம் வகைச் சர்க்கரை இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும், பி.எம்.ஐ. 35 அல்லது அதற்கு மேல், இல்லாவிட்டால் 27 அல்லது அதற்கு மேல் இருந்து பருமன் சார்ந்த கோளாறுகள் இரண்டாவது இருக்க வேண்டும். அதற்கும் முன்பு ஆறு மாதமாவது உணவு, உடற்பயிற்சி முறையைக் கடைப்பிடித்து, இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது உணவியலாளரைப் பார்த்த பதிவு வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்: பக்கத்துக் கிளினிக்கில் ஆறு மாதம் வாய்மொழியாக ஆலோசனை வாங்கிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் பதிவு இல்லை, மறுபடி முதலிலிருந்து. லெக்கெம்பிக்கு மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருப்பதை பெட் ஸ்கேனோ முதுகுத் தண்டு நீரோ காட்ட வேண்டும், நினைவுத் தேர்வில் 22க்குக் குறையக்கூடாது. தொடங்கிய பின்பும் ஐந்தாவது, ஏழாவது, பதினான்காவது ஊசிக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்.

டாக்டர் கொஞ்சம் கண்டும் காணாமல் எழுதிவிட மாட்டாரா என்றால், மாட்டார். ஒவ்வொரு மாத பில்லும் சரிபார்க்கும் அமைப்புக்குப் போகிறது. எழுதிய நோயின் பெயரும் மருந்தும் பொருந்தாவிட்டால் அந்தத் தொகையை வெட்டிவிடுவார்கள், நஷ்டம் ஆஸ்பத்திரிக்கு. லட்சக்கணக்கான யென் மருந்தில் யாரும் அந்த ஆபத்தை எடுக்க மாட்டார்கள். பழைய ஆஸ்பத்திரிப் பரிசோதனை முடிவுகள், ஊரில் எடுத்தவையானாலும், தேதியோடு கையில் வைத்திருப்பது நல்லது.

பணக் கணக்குக்கு வருவோம். 70 வயதுக்குக் கீழே உங்கள் பங்கு 30 சதவீதம். அந்தப் பங்கு பெரிதானால் கோகாகு ரியோயோஹி என்ற மாத உச்சவரம்பு காப்பாற்றும். 2015 முதல் நடந்துவந்த கணக்கை ஓர் உதாரணத்தில் பாருங்கள்: மாத மருந்துச் செலவு 5 லட்சம் யென், உங்கள் பங்கு 1,50,000. உங்கள் பதிவுச் சம்பளம் (இன்ஷூரன்ஸ் கணக்குக்காகப் பதிவான மாதச் சம்பளம்) 2,80,000 முதல் 5,00,000 வரை என்றால் உச்சவரம்பு 80,100 யெனும், மொத்தச் செலவில் 2,67,000ஐத் தாண்டியதில் 1 சதவீதமும். அதாவது 82,430 யென். பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை வரம்பைத் தொட்டவருக்கு நான்காவது முறையிலிருந்து 44,400 யென். ஐ.டி. வேலையில் இருப்பவர்கள் ஏமாறும் இடம் இதற்கு மேல் படி: பதிவுச் சம்பளம் 5,30,000 முதல் 7,90,000 வரை என்றால் வரம்பே 1,67,400 யெனில்தான் தொடங்குகிறது. 1,50,000 அதற்குக் கீழே. ஒரு யென்கூடத் திரும்பாது. இந்த வரம்புகளை உயர்த்தும் திட்டத்தை 2025 மார்ச்சில் நிறுத்திவைத்தார்கள், ஆனால் 2026 ஆகஸ்டு முதல் படிப்படியாக உயர்த்துவதென்று 2025 டிசம்பரில் அரசு முடிவெடுத்தது. அதனால் சிகிச்சை தொடங்கும் மாதத்தில் நடப்பிலுள்ள தொகையை உங்கள் இன்ஷூரன்ஸிடம் கேட்டுவிடுங்கள்.

கேட்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: ஃபுகா கியூஃபு உண்டா? பெரிய கம்பெனிகளின் கென்கோ ஹோகென் சங்கங்கள் பல, உச்சவரம்புக்கும் கீழே இன்னொரு வரம்பு வைத்து மீதியைத் தாங்களே திருப்பிக் கொடுக்கின்றன. சிறு, நடுத்தரக் கம்பெனி ஊழியர்களுக்கான கியோகாய் கென்போவில் இருப்பவர்களுக்கு இது இல்லை. வேலை மாறும் யோசனை இருந்தால், மாதம் லட்சம் யென் மருந்து சாப்பிடுபவருக்கு இது சம்பள உயர்வைவிடப் பெரிய விஷயமாக இருக்கக்கூடும்.

வரம்பு காலண்டர் மாதத்துக்கு, அதாவது முதல் தேதி முதல் கடைசித் தேதி வரை. 25ஆம் தேதி தொடங்கும் சிகிச்சை இரண்டு மாதங்களில் சிதறி இரண்டு வரம்புகளைத் தின்னும். அவசரமில்லாத மருந்தானால் அடுத்த மாதத் தொடக்கத்துக்குத் தள்ள முடியுமா என்று கேட்கலாம். மருந்தகத்தில் கட்டிய பணம், சீட்டு எழுதிய ஆஸ்பத்திரியின் கணக்கோடு சேரும். வேறு வேறு ஆஸ்பத்திரிகளில் கட்டியதைச் சேர்க்க, ஒவ்வொன்றிலும் 21,000 யெனுக்குக் குறையாமல் கட்டியிருக்க வேண்டும். 14 நாள் கட்டுப்பாடு நீங்கியபின் நோய் நிலையாக இருந்தால் 90 நாள் மருந்தை ஒரே சீட்டில் வாங்கலாம். அப்போது மூன்று மாதச் செலவுக்கு ஒரே மாத வரம்பு. விலை உயர்ந்த மருந்துகளில் இது பெரிய மிச்சம். ஒன்று மட்டும்: வரம்பைத் தொடும் மாதங்கள் ஆண்டுக்கு நான்காகக் குறைவதால் 44,400 சலுகை தாமதமாகத்தான் வரும். கூட்டிக் கழித்துப் பாருங்கள், பெரும்பாலும் 90 நாள்தான் லாபம். ரிசப்ஷனில் மைனம்பர் கார்டை (அரசு அடையாள அட்டை) வைத்தால் பில்லே வரம்போடு வரும். விட்டுப்போனால் இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம்.

கடைசியில் எல்லாம் கூடிவந்து, சீட்டும் கையில் வந்த பிறகு கெட்டுப்போகும் இடம் மருந்தகம். ஜப்பானில் மருந்துச் சீட்டை, எழுதிய நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குள் மருந்தகத்தில் கொடுத்துவிட வேண்டும், சனி ஞாயிறும் அதில் அடக்கம். புது மருந்தைப் பக்கத்து மருந்தகம் இருப்பு வைத்திருக்காது, விலை உயர்ந்தது என்றால் நிச்சயம் வைத்திருக்காது. மொத்த வியாபாரியிடம் சொல்லி வரவழைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை சீட்டு வாங்கி, "திங்கள் போகலாம்" என்று விட்டால் அன்றுதான் கடைசி நாள், அன்று சீட்டைக் கொடுத்தாலும் மருந்து செவ்வாய்தான் வரும். ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரும் முன்பே மருந்தகத்துக்குப் போன் செய்து, சீட்டின் படத்தை ஆப் வழியாகவோ ஃபாக்ஸிலோ அனுப்பிவிட்டு, என்றைக்கு வரும் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். முதல் சீட்டை எடுத்த மருந்தகத்திலேயே தொடர்ந்து வாங்கினால், அடுத்த இரண்டு வாரத்துக்கு அவர்களே முன்கூட்டி ஆர்டர் போட்டு வைப்பார்கள்.